மைக் அணைந்த பிறகும் பேசிய கைகள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம். நானும் அப்படியொன்றும் தங்கமான நாத்தனார் இல்லை. என் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, இவளிடம் குறை கண்டுபிடிப்பதே என் பொழுதுபோக்காக இருந்தது. அதிலும் பெரிய குறை, நகத்துக்குப் பூச்சு போட்டுக்கொள்ள மாட்டாள் என்பது. அழகு நிலையம் நடத்துகிறவளின் அண்ணி மொட்டை நகத்தோடு திரிந்தால் என் தொழிலுக்கு என்ன மரியாதை?

“நான் கைய ஆட்டினா எல்லார் கண்ணும் நகத்துக்குப் போயிடும். சொல்ற விஷயத்துக்குப் போகாது” என்பாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள். டிவியின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கறுப்புச் சட்டையோடு நிற்பாளே, அவள்தான். லாரி விபத்துக்குப் பிறகு அண்ணனால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கட்டத்துக்குள் அவள் நின்றதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அண்ணியின் அப்பா அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டுச் சண்டைகளைப் பற்றி அவள் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சண்டை முற்றினால் அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுவாராம். அதற்குமேல் அப்பாவால் ஒரு வார்த்தை பேச முடியாது. குழந்தையிலிருந்தே டாக்டரிடமும் கடைக்காரரிடமும் வீட்டுத் தரகரிடமும் இவள்தான் அவர்களுக்கு வாய். ஒருமுறை டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, “இதுக்கெல்லாம் கிளம்பி வந்துடறாங்க” என்று முணுமுணுத்தாராம். அம்மா மனசு நோகுமே என்று இவள் அதை விட்டுவிட்டாள். உதடு அசைந்ததைப் பார்த்துவிட்ட அம்மா வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். எது எனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய நீ யார்? உன் காதில் விழுவதெல்லாம் உன் கையில் வரவேண்டும். அன்றிலிருந்து அண்ணி ஒன்றையும் விட்டதில்லை. அவையில் யாராவது தும்மினால்கூட அந்தக் கட்டத்துக்குள் தும்மல் வரும்.

சட்டமன்றத்தில் ஒழுங்குக் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். “என் கை சுத்தம்” என்று சொல்லாமல் அவர் பேச்சை முடித்ததே இல்லை. அதனால் எங்கள் கடையில் அவருக்குச் சுத்தக்கை என்று பேர். சட்டமன்ற உறுப்பினர்கள் கம்பெனிகளிடமிருந்து பரிசோ பயணமோ வாங்கக்கூடாது என்று ஒரு மசோதா வந்தது. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

அன்று கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் காது கேளாதவர். அண்ணியின் சிநேகிதி. தையல் வேலை செய்கிறவள். நான் அவளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். சுத்தக்கை முழங்கினார்: “எந்தக் கம்பெனியிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்தவன் இல்லை நான்!” அவை மேசையைத் தட்டியது. நானும் ஒரு கணம் உருகித்தான் போனேன். அவர் மைக்கை அணைத்து, பின்னால் நின்ற உதவியாளர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். எங்களுக்கு மேசை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தையல்காரி வெடித்துச் சிரித்தாள். கத்தரி அவள் காதை வெட்டாமல் தப்பியதே பெரிய விஷயம். கண்ணில் நீர் வழிய எனக்குக் கையால் காட்டினாள்: விமானம். நிற்கட்டும். குடும்பம் மொத்தமும்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அண்ணி நிற்பது அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில். மைக் அணைந்தால் என்ன, அவள் காது அணையவில்லையே. உதவியாளரிடம் அவர் சொன்னது இதுதான்: “சிமெண்ட் கம்பெனிக்காரன்கிட்ட ப்ளேன ரெடியா நிறுத்தச் சொல்லு. குடும்பம் மொத்தமும் வருது. அவன் எடுக்கச் சொன்ன ஷரத்த ஓட்டுக்கு முன்னாடி தூக்கிடறோம்னு சொல்லிடு.” காது கேட்கிற நாங்கள் எல்லாரும் ஏமாந்து உட்கார்ந்திருக்க, நாட்டிலேயே காது கேளாதவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கிறது!

மறுநாள் அந்தக் காட்சி, அண்ணியின் சைகைக்கு அடியில் யாரோ எழுத்துப் போட்டு, எல்லார் போனிலும் ஓடியது. எதிர்க்கட்சித் தலைவர் குதித்தார், கொதித்தார். அதே விமானத்தில் அவரும் கையசைத்தபடி ஏறுகிற பழைய படம் ஒன்று வெளியே வந்ததும் கப்சிப். அதன்பிறகு இரண்டு கட்சியும் ஒற்றுமையாகிவிட்டன. மொழிபெயர்த்தவள்மேல்தான் தப்பாம். விசாரிக்க வேண்டுமாம். விசாரிப்பது யார்? ஒழுங்குக் குழு. அதற்குத் தலைவர்? அவரேதான். வெட்கம் என்பதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

“கை தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி” என்றேன் நான். என் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். “வேலை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“தவறிடுச்சுன்னு சொன்னா வேலை இருக்கும். ஆனா அப்புறம் என் கைய யாரு நம்புவா? நாளைக்கு ஆஸ்பத்திரியில நான் ஒண்ணு சொன்னா, இது நிஜமா, கை தவறினதான்னு காது கேக்காதவங்க யோசிப்பாங்களே.”

விசாரணைக்கு நானும் போனேன். பார்வையாளர் மாடம் நிரம்பியிருந்தது. தையல்காரியும் அவள் கூட்டமும். அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. திறந்த கூட்டம் எதுவானாலும் சைகை மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும் என்பது உறுப்பினர்களே போட்ட விதி. மொழிபெயர்ப்பாளரையே விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பது யார் என்று அந்தப் புத்திசாலிகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணி கேள்வியைக் காதில் வாங்கினாள், மாடத்தைப் பார்த்துக் கைகளால் சொன்னாள், வாயால் பதில் சொன்னாள், அதையும் கைகளால் சொன்னாள். தன்னைக் குற்றவாளி என்று சொன்ன வார்த்தைகளைக்கூட ஒன்று குறையாமல் சொன்னாள். அவள் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

சுத்தக்கைக்குப் பொறுமை போயிற்று. மைக்கை அணைத்தார். முன்னால் சாய்ந்து, சொந்தக்காரர் மாதிரி குழைந்தார். உதடு அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணி ஒரு கணம் அசையவில்லை. அந்த ஒரு கணத்தில் அண்ணனும், அந்த வீடும், எரிய வேண்டிய அடுப்பும் அவள் கண்முன் வந்துபோயிருக்கும். பிறகு கைகள் மேலே எழுந்தன.

கை தவறியது என்று சொல்லம்மா. வேலை இருக்கும். சம்பளமும் கூட்டித் தருகிறேன். சிமெண்ட் கம்பெனியில் உன் புருஷனுக்கும் ஓர் இடம் பார்த்துத் தருகிறேன்.

பக்கத்திலிருந்த தையல்காரி என் தொடையைத் தட்டித் தட்டி எனக்குப் புரிகிறபடி காட்டினாள். அடுத்த நொடி மாடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். துளி சத்தம் இல்லாமல், அத்தனை உள்ளங்கைகள். என் வாழ்நாளில் எத்தனையோ கைகளைப் பிடித்து வேலை பார்த்திருக்கிறேன். கைகளைப் பார்த்து அழுதது அன்றுதான். கீழே சுத்தக்கை அந்தக் கைகளை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாம் சொன்னது மொத்தமும் மாடத்துக்குப் போய்விட்டது என்று மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது.

நீதி ஜெயித்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அவர் இன்னும் பதவியில் இருக்கிறார். மசோதாவும் நிறைவேறிவிட்டது, அந்த ஷரத்து மட்டும் இல்லாமல். மொழிபெயர்ப்பாளரைக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். மைக்கில் வருவது மட்டும்தான் அங்கே கேட்கும். அண்ணிக்கு வேலை போய்விட்டது. ஒரே ஒரு மாற்றம்: இப்போதெல்லாம் உறுப்பினர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். தையல்காரி அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள்.

வேலை போன மறுநாள் அண்ணி கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

“போட்டு விடு. சிவப்பு. இத்தனை வருஷமா கேட்டியே.”

சிவப்புப் புட்டியை எடுத்துத் திறந்தேன். சுண்டு விரலில் ஆரம்பித்தேன். பாதிகூடப் போட்டிருக்க மாட்டேன், தையல்காரி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், டாக்டர் என்னவோ சொல்கிறாராம், ஒன்றும் புரியவில்லையாம். வா என்று கையால் கெஞ்சினாள். மொழிபெயர்க்க அங்கேயே ஆள் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, நீதான் வரவேண்டும் என்று அண்ணியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அண்ணி எழுந்து, மேசையிலிருந்த பஞ்சை ரிமூவரில் நனைத்துச் சுண்டு விரலைத் தானே துடைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இருங்க அண்ணி” என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்து, அதையும் நானே சுத்தமாகத் துடைத்துவிட்டு அனுப்பினேன்.