தேசம்மாள் படிக்காமல் விட்ட முப்பது பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோரில் கையுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். ராஜேஸ்வரி அசெம்பிளிப் பிரிவிலிருந்து நேராக நடந்து வந்து கவுண்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். "தேசம்மா போய்ட்டா வசந்தி" என்றாள். எங்கே போனாள் என்று கேட்டேன். லீவு போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். முத்தாபுதுப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆவடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். வரிசையில் நின்ற மூன்று பேருக்கும் கையுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அன்று மதியம் அவள் வீட்டு வாசலில் நம் கேன்டீன் புத்தகக் குழுவில் பாதிப் பேர் நின்றிருந்தோம். அங்கே நின்றபடி ராஜேஸ்வரி ஒன்று கேட்டாள். முன்பெல்லாம் தேசம்மாள் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லி முடித்தால் "இது இன்னாருக்கு" என்று நம்மில் ஒருவர் பெயரைச் சொல்லுவாளே, நாலு வருஷமாக ஏன் சொல்லவில்லை, உனக்காவது தெரியுமா என்று. தெரியாது என்றேன். அது பொய். காரணம் நான்தான். அவள் நினைவாக நம் குழு போடும் இந்தச் சிறு மலரில் எனக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய்யைத் திரும்பப் பெற எனக்கு வேறு இடம் இல்லை.

மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பதினெட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவளும் என் வயதுதான், ஐம்பத்திரண்டு.

வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கான ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி எங்களுடையது. தேசம்மாளுக்கு இன்ஸ்பெக்ஷனில் வேலை. வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவுவாள், பிசிறு இருந்தால் ஒதுக்கிவிடுவாள். அவள் கையைத் தாண்டி ஒரு பிசிறு வெளியே போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் பத்தாவதோடு படிப்பை விட்டவள், ஆனால் புத்தகத்தை விடவில்லை. நூலகம், பழைய புத்தகக் கடை, கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த காகிதக் கட்டு என்று எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பற்றிப் பேசுவாள். மேசை போதாமல் போனபோது வாட்ஸ்அப் குழு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் குரல் வரும், நாம் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்போம்.

எதைத்தான் அவள் படிக்கவில்லை? ஒரு சமையல் புத்தகத்தைப் பற்றி அவள் சொன்னதை இன்றும் கேன்டீனில் சொல்லிச் சிரிக்கிறார்கள். "எல்லாத்துக்கும் அளவு கீது, உப்புக்கு மட்டும் இல்ல. ஊட்டம்மா சமைச்சிருக்காங்க, இவுரு பக்கத்துல நின்னுகினு எழுதிக்கினாரு." ஒரு பேய்க்கதைக்கு, பேய் நல்ல பேய்தான், வீட்டுக்காரன்தான் மோசம் என்று தீர்ப்பு. நம் பக்கத்து வரலாறு என்று ஒருவர் எழுதிய தடிப் புத்தகத்தை இரண்டு வாரம் சுமந்து திரிந்தாள். ஏரிகளின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, ஏரிகள் எப்படி பிளாட் ஆயின என்பது அடுத்த பாகத்தில் வருமா என்று கேட்டாள். கவிதைப் புத்தகம் என்றால் மட்டும் அடக்கி வாசிப்பாள். ஒரு தரம் படித்தால் தனக்கு ஏறாது, இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பாள்.

ஆனால் அவளுடைய அசல் திறமை "இது இன்னாருக்கு" என்ற அந்தக் கடைசி வரியில் இருந்தது. யாருக்கு எந்தப் புத்தகம் என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ. இமயமலைப் பயணம் பற்றிய ஒரு நூலைச் சொல்லிவிட்டு, "இது ராஜேஸ்வரிக்கு" என்றாள். ராஜேஸ்வரி அதுவரை திருப்பதியைத் தாண்டியதில்லை. கேலி செய்கிறாயா என்று அவள் சண்டைக்கே போனாள். மறு வருஷம் கணவரையும் மாமியாரையும் இழுத்துக்கொண்டு ரிஷிகேஷ் போய்க் கங்கையில் கால் நனைத்துப் படம் அனுப்பினாள். தேசம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருந்ததை விட ஆறு கொஞ்சம் கலங்கல்தான் என்றாள்.

இனி என் கதை. என் கணவர் சேகரை உங்களில் பலருக்குத் தெரியும், நம் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலில் கட்டி என்று பூந்தமல்லி பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை முடிந்து பெரிய நம்பிக்கை இல்லை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனுஷன் நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தேசம்மாளுக்குப் போன் போட்டு, அவர் சிரிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமை குழுவில் ஒரு நாவலைப் பற்றிப் பேசி, "இது சேகரண்ணனுக்கு. சிரிச்சிகினே எந்திரிச்சி வந்துடுவாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளே புத்தகத்தோடு வந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர் ஓட்டைக் கார் ஒன்றை வாங்குகிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது. தெருவே சேர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது, தெருவில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. இதுதான் கதை. ஓட்டுநருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் மதியம் நான் வாசிப்பேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தையல் பிரிந்துவிடும், வாசிக்காதீர்கள் என்று நர்ஸ் வந்து அதட்டுவாள், பிறகு அவளும் கதவோரம் நின்று கேட்பாள். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று.

பத்தாம் நாள் கடைசி அத்தியாயம். வாசிக்கும்போது என் கண் இரண்டு வரி முன்னால் ஓடும். தபால்காரருக்கு வயிற்று வலி வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். குடலில் கட்டி என்கிறார்கள். நான் வாசிப்பை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். பக்கத்தைத் திருப்பினேன், இன்னொன்றைத் திருப்பினேன். செத்துப்போகிறார். கார் வாசலிலேயே நிற்கிறது. சேகர், மேலே படி என்றார்.

புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வயிற்று வலி வெறும் சூடு என்றேன். தெருவே காரில் ஏறித் திருத்தணிக்குப் புறப்படுகிறது என்றேன். நசரத்பேட்டை தாண்டுவதற்குள் வண்டி நின்று, எல்லோரும் இறங்கித் தள்ளி, தள்ளுகிற வேகத்தில் தபால்காரரைப் பின்னால் விட்டுவிட்டுக் கார் தானாகப் போய்விடுகிறது என்றேன். ஜென்மத்தில் ஒரு கதை சொன்னவள் இல்லை நான். இருபது நிமிஷம் சொன்னேன். சேகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வெளியே வந்து தேசம்மாளுக்குப் போன் போட்டேன். கடைசி அத்தியாயத்தைப் படித்தாயா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னாள். முப்பது பக்கம் பாக்கி இருந்ததாம், சனிக்கிழமை வந்துவிட்டதாம், குழு காத்திருந்ததாம். "சிரிப்பு புக்கு தானே, கடசீலயும் சிரிப்புதான் இருக்கும்னு வுட்டுட்டேன் வசந்தி. இன்னா ஆச்சி?" என்ன ஆயிற்று என்று சொன்னேன். ஒரு வளையத்தில் பிசிறு விடமாட்டாய், சாகக் கிடக்கிறவனுக்குக் கொடுக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் கொடுப்பாயா என்று கேட்டேன். கடைசியாக, "இனிமே யாருக்கும் இது உனக்குன்னு சொல்லாத" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து சேகர் போய்விட்டார். தேசம்மாள் வந்து பதினாறு நாளும் என் வீட்டில் இருந்தாள். பாத்திரம் தேய்த்தாள், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். புத்தகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மறுபடி குழுவில் அவள் குரல் வந்தபோது முதல் வரி புதிதாக இருந்தது. "மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பக்கம். அட்டையிலர்ந்து அட்ட வரிக்கும் படிச்சிட்டேன்." அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் தொடங்கினாள். அது அவளுடைய புது பாணி என்று நீங்கள் ரசித்தீர்கள். பக்கக் கணக்கைச் சொல்லி அவளைக் கிண்டலும் செய்தீர்கள். முடிவில் யார் பெயரும் வரவில்லை. வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்று நிறுத்திக்கொண்டாள். நான் சொன்ன ஒரு வார்த்தையை நாலு வருஷம் அப்படியே கடைப்பிடித்தாள்.

இதுவரை சொன்னதில் பாதித் தப்பு அவளுடையது. இனி வருவது முழுக்க என்னுடையது.

நான் கதை கட்டிய மறுநாள் சேகர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்தப் புத்தகம் வந்த அன்றே, நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது, கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டாராம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றேன். "பஸ்ஸு எங்க போவுதுன்னு பாக்காத ஏறுவனா நானு?" என்றார். டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் ஒன்பது நாள் சிரித்திருக்கிறார். பத்தாம் நாள் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். நான் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவர் என் தலையில் தட்டி, அந்தக் கார் ஆளில்லாமல் எதுவரைக்கும் போயிற்று, அதைச் சொல் என்றார்.

அன்று முதல் எங்களுக்கு அதுதான் வேலை. மூன்று வாரம் அந்தக் காரை ஓட்டினோம். நான் தப்பான ரோட்டில் விட்டால் அவர் திருத்துவார். அங்கே ஒன்வே, போலீஸ் நிற்பான், ஆவடி வழியாகத் திருப்பு என்பார். அண்ணனூர் கேட்டில் நிறுத்தி மின்சார ரயில் போகிற வரை காத்திருக்கச் சொல்வார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. சாவைப் பற்றியும் பேசினோம், பையன் கல்யாணத்தைப் பற்றியும் பேசினோம், எல்லாவற்றையும் அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டே பேசினோம். அந்த நாவல் கடைசி வரை சிரிப்பாகவே இருந்திருந்தால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்திருப்போம்.

பேச்சு குறைந்துபோன நாட்களில் ஒரு மதியம் அவர் சொன்னார்: "தேசம்மாகிட்ட சொல்லு வசந்தி. நல்ல புக்கா பாத்துதான் குட்த்துக்கீதுன்னு."

நான் சொல்லவில்லை. முதலில் கோபம் தீரவில்லை. அப்புறம் துக்கம், யாரிடமும் எதையும் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாளே என்ற வெட்கம். ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து அவள் கொண்டுவந்த கத்தரிக்காய்ப் பொரியலை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து அவளுக்கு வைக்கவில்லை. போன மாதம் சாப்பாட்டு மேசையில் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கும்போது ராஜேஸ்வரி பக்கம் திரும்பி, "இது" என்று தொடங்கினாள். உடனே என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு டப்பாவைக் கழுவ எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே போயிருக்கலாம். குழாயடியில் நின்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். மணி அடித்துவிட்டது, நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் ஸ்டோருக்குப் போனேன்.

தேசம்மாளிடமிருந்து எனக்கு என்று தங்கியது அந்த மூன்று வாரம். அதை அவள்தான் கொடுத்தாள். கொடுத்தது அவளுக்குத் தெரியாது, கெடுத்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நமக்கெல்லாம் புத்தகம் பார்த்துக் கொடுப்பதை நாலு வருஷம் நான் நிறுத்தி வைத்தேன். உங்களில் யாருக்கு எந்தப் புத்தகம் வரவேண்டியிருந்ததோ, எனக்குத் தெரியாது. அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தேசம்மா, சேகர் உன்னிடம் சொல்லச் சொன்னார். நல்ல புத்தகமாகப் பார்த்துத்தான் கொடுத்தாயாம். நாலு வருஷம் கழித்து இத்தனை பேர் படிக்கிற மாதிரி அச்சில் சொல்கிறேன். கேட்க வேண்டியவள் ஒருத்திதான், அவளுக்கு மட்டும் இது போய்ச் சேராது.