அண்ணாச்சி சார்பில் கருணாகரன்

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் கருணாகரனுக்கு சூப்பர்வைசர் வேலை என்று பெயர். உண்மையில் அவர் பார்ப்பது முதலாளியாக இருக்கும் வேலை. முதலாளி சக்திவேல் அண்ணாச்சிக்கு வருகிற அழைப்புக்கெல்லாம் அண்ணாச்சியே போக முடியுமா? கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, கருணாகரன் போவார். "அண்ணாச்சி வெளியூர்ல இருக்காங்க, ரொம்ப வருத்தப்பட்டாங்க" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அண்ணாச்சிக்காக அவர் அழுத சாவுகள் மட்டும் நூறைத் தாண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் தானாக மாறிக்கொள்ளும்.

அண்ணாச்சியின் மகன் ஹரிக்கு எட்டு வயது. பள்ளியில் பக்கத்துப் பையன்களைக் கடித்துவைத்தான். மூன்றாவது கடிக்குப் பிறகு பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பிள்ளை மனசைப் பெற்றவர்கள் புரிந்துகொள்ள அடையாறில் ஒரு வகுப்பு நடக்கிறது, ஆறு சனிக்கிழமை, அப்பா அவசியம் போக வேண்டும்.

"சனிக்கெழம யாவாரத்த விட்டுட்டு எங்கவே போறது? நீரு போயி புரிஞ்சிக்கிட்டு வாரும்" என்றார் அண்ணாச்சி.

வகுப்பு எடுத்த லாவண்யா மேடம் கேட்டார், "நீங்க ஹரியோட அப்பாவா?"

"அப்பா சார்புல வந்திருக்கேன் மேடம்."

மேடம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். வந்திருந்த பன்னிரண்டு அப்பாக்களில் இரண்டு பேர் டிரைவர், ஒருவர் மைத்துனர், ஒருவர் ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க். இருப்பவர்களுக்குத்தானே பாடம் நடத்த முடியும், நடத்தினார்.

முடிவில் கருணாகரன் மட்டும் கையைத் தூக்கினார். "மேடம், நம்மகிட்ட பேசாத குழந்தைக்கும் நீங்க சொன்ன வழி சரிவருமா?"

அது ஹரிக்காகக் கேட்டதல்ல. அவருடைய மகள் கீர்த்திக்கு ஒன்பது வயது. ஆண்டு விழாவில் மயிலாக ஆடினாள். ஆடிக்கொண்டே கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். அப்பா ஒரு மொத்த வியாபாரியின் பேரன் காதுகுத்தில் அண்ணாச்சியாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவரிடம் "ம்", "இல்ல" என்பதோடு சரி. கடையில் ஆயிரம் பேரைப் பேசி மடக்குகிற மனுஷனுக்கு இந்த இரண்டு சொல்லைத் தாண்ட வழி தெரியவில்லை.

"கண்டிப்பா சரிவரும்" என்று மேடம் வழியை மறுபடி சொன்னார். தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்கார வேண்டும். போனைக் கவிழ்த்துவிட வேண்டும். சாப்பிட்டாயா, படித்தாயா என்று ஒரு கேள்வி கூடாது.

கருணாகரன் தினம் மாலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போய் ஹரி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள், பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே ஹரி சொன்னான்: "கடைசி பீரியட்லதான் அங்கிள் கடிப்பேன். கூட்டிட்டுப் போக யாரு வருவாங்கன்னே தெரியாதுல்ல."

ஒரு நாள் டிரைவர், ஒரு நாள் பில் போடும் பெண், ஒரு நாள் குடோன் ஆள். பையன் தினம் ஒரு முகத்துக்குக் காத்திருந்திருக்கிறான். கருணாகரன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொந்தக் கணக்கில் அவர் கலங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

விஷயத்தைக் கேட்டு அண்ணாச்சியும் உருகிவிட்டார். "அடப்பாவமே! இனிமே தெனமும் மூணரைக்கு நீரே போயிரும்வே."

கடி நின்றது. 'பிள்ளை மனம் அறிந்த தந்தை' என்று சான்றிதழ் வந்தது, சக்திவேல் பெயரில். கல்லாவுக்குப் பின்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "பிள்ளைன்னா பொறுமை வேணும்யா" என்று அண்ணாச்சி உபதேசம் செய்தார்.

மேற்கு மாம்பலத்தில் கருணாகரன் மனைவி தங்கத்திடம் அந்த உபதேசம் எடுபடவில்லை. "அந்தப் புள்ளைக்குத் தெனம் பத்து நிமிசம் உக்காந்துகினு வர்றியே, இங்க ஒண்ணு கீது, கண்ணுக்குத் தெரியுதா?" என்றாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் நிச்சயம் துணிக்கடையில் வேலை பார்த்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை கருணாகரனுக்கு வார விடுமுறை. அன்றும் ஹரியைப் பள்ளியிலிருந்து அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு நேரே தன் வீட்டுக்கு வந்தார். கீர்த்தி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு மரத்துக்கு முழுக்கப் பச்சை தீட்டி முடித்தாள்.

பிறகு தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பா, இப்ப யாருக்குப் பதிலா வந்திருக்கே?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.