எவேலியோ கூப்பிட்ட குருவி

என் வீட்டுக்காரர் எவேலியோ என்னிடம் பேசுவதைவிட விடியற்காலையில் மூங்கில் புதரிடம்தான் அதிகம் பேசுவார். அங்கே ஒரு குருவி இருந்தது. உருண்டை உடம்பு, குச்சிக் கால், வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரமோனா என்று பெயர் வைத்து, மண்புழு காட்டிக் காட்டி, அதை உள்ளங்கைக்கே வரவழைத்துவிட்டார். எனக்கு அந்தச் சிறுக்கி மேல் பொறாமைதான்.

மெதெயின் நகரத்திலிருந்து வந்த பறவை ஆராய்ச்சியாளர் யானெத், இது யாரும் இதுவரை வகைப்படுத்தாத இனம்போல் இருக்கிறது என்றாள். நிரூபிக்க உடம்பை அளக்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தமும் வேண்டும். அதற்குள் எங்கள் காட்டின் நடுவே சாலை போட, வெட்ட வேண்டிய மரங்களில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். புது இனம் என்று உறுதியானால்தான் வேலை நிற்கும். யானெத் கட்டிய வலைகளுக்கெல்லாம் அடியில் புகுந்து ரமோனா நடந்து போனது.

"அண்ணே, நீங்க கூப்பிட்டா வரும்ல?"

"வரும். அதனாலதான் கூப்பிட மாட்டேன்."

"நாளைக்கு ரம்பம் வந்தா அது எங்க போகும்?"

அவர் வெல்லத் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காடே போகப்போகுது, இவருக்கு வீம்பு."

"வீம்பு இல்ல ஓஃபெலியா. என்னை நம்பி வருது அது."

மறுநாள் கூப்பிட்டார். ரமோனா தத்தித் தத்தி வந்து புழுவில் அலகு வைத்தது. அவர் விரல்களை மூடினார்.

யானெத் அலகை அளந்தாள், காலை அளந்தாள், சிறகை விரித்து அளந்தாள். ஊசி இறங்கியது. ரத்தம் வந்தது. அந்த நேரம் குருவியின் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"செத்துடுச்சா?"

"பயத்துல இப்படி ஆகும். அசையாதீங்க அண்ணே."

பாசியின் மேல் கிடத்தினோம். தினமும் அதைத் திட்டிய நானே மாதாவிடம் வேண்டினேன், பொய் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது. எழுந்து, தள்ளாடி, மூங்கிலுக்குள் ஓடிவிட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

சாலை வேலை நின்றது. யானெத் எழுதிய கட்டுரை அச்சாகி வந்தது; புது இனத்துக்கு லத்தீனில் எவேலியோவின் பெயர்.

"இனிமே உலகம் பூரா உங்க பேரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடும் அண்ணே."

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கட்டுரையை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் விடியற்காலையில் போகிறார், கூப்பிடுகிறார். மூங்கிலுக்குள் ரமோனா பாடுகிறது. அடுப்படியில் எனக்கே கேட்கிறது. வெளியே மட்டும் வராது. அவர் புழுக்களைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்துகிறார். அதற்குப் பிறகுதான் அது சாப்பிட வருகிறது.