ஒத்துமாறல்

இது நடந்தது. இரவில் அல்ல, கந்தோர் நேரத்தில், பட்டப்பகலில். அதனால்தான் பலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் படுவான்கரையில் விசாரித்துப் பார்க்கலாம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஓர் அரசாங்கக் கந்தோர் இருந்தது. அரசாங்கத்தின் துப்பாக்கி துறையடியோடு நின்றுவிட்டது; அதற்கு அப்பால் இயக்கத்தின் பிடி. கோப்புகள் மட்டும் வாவியைக் கடந்து போய்வந்தன. கோப்பு போனால் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அஞ்சலா.

வீடு டவுனில். இரண்டு வயது மகளைத் தங்கையிடம் விட்டிருந்தாள். வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்பார்கள். சண்டை தொடங்கினால் பாதை நிற்கும். கிழமைக்கணக்கில் வீட்டுக்குப் போக முடியாது. கடைசியாகப் போனபோது பிள்ளை தங்கையை அம்மா என்று கூப்பிட்டது. அஞ்சலாவைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தது.

இடமாற்றம் கேட்டாள். கிடைத்தது. ஆனால் பதிலாள் வந்து கடமையேற்ற பிறகே விடுவார்களாம். இல்லாவிட்டால் ஒத்துமாற ஓர் உத்தியோகத்தரை அவளே பிடித்துக்கொள்ளலாம். அவர் இவள் இடத்துக்கு, இவள் அவர் இடத்துக்கு. படுவான்கரைக்கு யார் வருவார்?

"உங்களுக்குப் பதிலாள் வாவிக்குள்ள இருந்துதான் எழும்பி வரணும், மிஸ்" என்பான் பியோன் சீனித்தம்பி. "முதலை ஒண்டு மனம் வச்சாச் சரி."

ஒக்டோபர் மாதம். காலையிலிருந்து பாதை ஓடவில்லை. சீனித்தம்பி தபாலுக்குப் போயிருந்தான். மத்தியானம் கடந்த நேரம். தகரக் கூரையில் மழை இரைந்தது. அஞ்சலா தலை நிமிர்ந்தபோது எதிர்க் கதிரையில் ஒருவர் இருந்தார்.

வெள்ளைச் சேட்டு. ஐம்பதைத் தாண்டியவர். பெயர் மத்தேயு என்றார். டவுனில் இருந்து ஒத்துமாற வந்ததாகச் சொன்னார்.

அஞ்சலாவுக்குச் சந்தோசம். அதனால் சிலதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டாள். வாசலில் ஈர அடி இல்லை. குடை இல்லை. சேட்டில் ஒரு துளி இல்லை...

பூட்டைத் திறக்க அலுமாரித் திறப்பை நீட்டினாள். அலுமாரிக் கதவைச் சற்றுத் தூக்கினால்தான் திறக்கும். அது பிடிபட அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அவர் கேட்காமலே தூக்கித் திறந்தார்.

தேத்தண்ணி வைத்தாள். தொடவில்லை.

"டவுனில எந்தக் கந்தோர், சேர்?"

"டவுன்தான். நல்ல இடம். ஒருத்தரும் வந்து கரைச்சல் தரமாட்டாங்க."

"பிறகேன் மாறுறீங்க?"

அவர் கோப்புகளைப் பார்த்தார்.

"வேலயில்லாம இருக்கேலாது, மிஸ்."

விண்ணப்பத்தை நிரப்பினார்கள். அவர் கையெழுத்து வைத்தார். பிறகு கேட்டார்.

"என்ட இடத்துக்கு நீங்க வரச் சம்மதமா?"

"சம்மதம்."

மழை நின்றது. தூறல்கூட இல்லாமல், சட்டென்று.

"சம்மதமா?"

"ஓம், சேர்."

மீண்டும் கேட்டார். இந்த முறை உதடு அசையவில்லை.

அவள் குனிந்து கையெழுத்து வைத்தாள்.

விண்ணப்பத்தோடு துறையடிக்கு வந்தாள். பாதை அப்போதுதான் புறப்பட ஆயத்தமாக நின்றது. மத்தேயு சேரை எப்போது இறக்கினீர்கள் என்று பாதைக்காரர் சரீபிடம் கேட்டாள்.

"விடியத் தொடக்கம் ஒருத்தரையும் ஏத்தல்ல, தங்கச்சி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தலைமைக் கந்தோரில் பிரதம இலிகிதர் வினாயகமூர்த்தி விண்ணப்பத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மத்தேயு படுவான்கரையில் அவளுடைய அதே கதிரையில் பல வருடம் இருந்தவராம். தொண்ணூறில் சண்டை வந்து கந்தோரைப் பூட்டியபோது டவுனுக்கு இழுத்து, வேலை கொடுக்காமல் இருத்திவைத்தார்களாம். திருப்பி அனுப்புங்கள் என்று மாதாமாதம் எழுதினாராம். ஒத்துமாற ஆள் பிடித்தால் அனுப்பலாம் என்று பதில் போட்டது வினாயகமூர்த்திதான்.

"பூட்டின கந்தோரில மாற ஆள் கிடைக்கல்ல, புள்ள. அவர் செத்து நாலு வருசம்."

கிழித்துவிடவா என்று கேட்டார். கிழித்தால் அவள் நாளைக்கே படுவான்கரைக்குத் திரும்ப வேண்டும். கிழிக்காவிட்டால்... அவர் முடிக்கவில்லை.

முந்தின இரவு பிள்ளை அவள் கையில் தலைவைத்து உறங்கியிருந்தது.

"கிழிக்காதீங்க, சேர்."

மாத முடிவில் சீனித்தம்பி கோப்புக் கட்டோடு வந்தான். எல்லாம் ஒழுங்கு. புது சேர் வீட்டுக்கே போவதில்லை என்றான்.

நவம்பர் இரண்டு, இறந்தோர் நாள். மெழுகுதிரியும் பிள்ளையுமாக டவுன் சவக்காலையின் கல்லறைகளுக்குப் போனாள். மத்தேயுவின் சிலுவையைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

கீழே குழி.

திறந்த குழி. உள்ளே ஒன்றும் இல்லை.

குழிவெட்டும் யோசேப் பக்கத்தில் வந்து நின்றார். போன மாதம் ஒருநாள், மழை விட்ட கையோடு இப்படிக் கண்டாராம். கேட்க உறவு என்று யாரும் இல்லையாம். மண் போட்டு மூடினால் விடிய வெறுமையாகக் கிடக்கிறதாம்.

அவர் குழியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை.

"பெரிய ஆம்பிளைக்கு வெட்டின குழி, மகள். நான்தான் வெட்டினன். இப்ப அளந்தாக் குறையுது..."

குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட உசரம்தான் வரும்."