சந்தேகப்படத் தவறிய ஒரு ஜோடிக் கண்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு நிறம் பார்க்கிற வேலை. சாயப் பட்டறையிலிருந்து வருகிற துணியை, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு சேர்த்து விளக்குப் பெட்டிக்குள் வைத்து, இரண்டும் ஒரே நிறந்தானா என்று சொல்ல வேண்டும். ஒன்றுதான் என்று நான் கையெழுத்துப் போட்டால் துணி வெட்டுக்குப் போகும். இல்லையென்றால் சாயத்துக்கே திரும்பும். பல வருடங்களாக இதைச் செய்து வருவதால், என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொன்னது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போனது. அவிநாசியிலிருந்து கம்பெனி வேனில் போய்வரும்போது கைபேசியில் எதையோ தேடினேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஐரோப்பியத் தத்துவ வரலாற்றைத் தமிழில் நிதானமாகப் பேசிப் போட்டிருந்தது கிடைத்தது. பாட்டுக் கேட்கிறேன் என்று வேனில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, நான் கிரேக்கத்தில் இருந்தேன்.

முதலில் என்னைப் பிடித்தவர்கள் அங்கிருந்த பழைய ஐயவாதிகள். ஒரே பொருள் ஒருவருக்கு ஒருவிதமாகவும் இன்னொருவருக்கு வேறுவிதமாகவும் தெரிகிறது, அதனால் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவைத்தால் மனம் அமைதியடையும் என்றார்களாம். எனக்கு அமைதி உடனே தேவைப்பட்டது. அன்று சாயங்காலமே, தோசையா உப்புமாவா என்று மனைவி கேட்டபோது, இரண்டு பக்கமும் சமமான நியாயம் இருப்பதால் தீர்ப்பை நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவைத்தாள். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் இன்னும் தீவிரமானவர். புலன்கள் ஏமாற்றுகின்றன, காண்பதெல்லாம் கனவாகக்கூட இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டே போய், சந்தேகப்படுகிற நான் ஒருவன் இருப்பதை மட்டும் சந்தேகிக்க முடியாது என்று நின்றாராம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அதற்கும் மேலே போனார். இதுவரை நடந்தது என்பதற்காக இனியும் அப்படியே நடக்கும் என்று நிரூபிக்க முடியாது என்றார். டீ இடைவேளையில் இவர்களையெல்லாம் நான் பேக்கிங் செக்‌ஷன் ஆட்களுக்கு விளக்கினேன். கொஞ்ச நாளில் நான் வருவதைப் பார்த்தாலே சிலர் டீயைச் சூடாகவே குடித்து முடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நேவி ப்ளூ பிரச்சினை வந்தது. ஜெர்மனிக்குப் போன டி‑ஷர்ட்டில், உடம்புத் துணி ஒரு நீலம், கழுத்துப் பட்டி வேறு நீலம் என்று வாடிக்கையாளர் திருப்பி எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றே என்று கையெழுத்துப் போட்டிருந்தது நான். முதலாளி என்னைக் கூப்பிட்டு இரண்டையும் மேசையில் போட்டார். எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்போது பேராசிரியரின் உரை, நிறமெல்லாம் பொருளில் இல்லை என்ற ஆங்கிலேயர் ஒருவரிடம் வந்திருந்தது. அந்தத் தெம்பில், “நிறம் துணியில இல்லைங்க, பாக்கறவங்க மனசுலதான் இருக்குதுங்க,” என்றேன்.

முதலாளி இரண்டு துணியையும் மடித்து ஓரமாக வைத்தார். என்னைவிட வயதில் சின்னவர், கோபத்திலும் மரியாதை விடாதவர்.

“அப்படியே ஜெர்மனிக்காரனுக்கு மெயில் போட்டுரலாங்களா?” என்று கேட்டார்.

நான் பின்வாங்கவில்லை. புலன்களை நம்பக்கூடாது என்பதுதான் இதில் பாடம், எனவே நிறம் சம்பந்தப்பட்ட எல்லோருடைய கண்ணையும் பரிசோதிக்க வேண்டும் என்றேன். என் மனதில் இருந்தது சாயப் பட்டறை மாஸ்டர். என்னைவிட மூத்தவர், அவருக்குக் கண் மங்கியிருக்கும் என்று நான் முடிவே செய்திருந்தேன். முதலாளி சரியென்றார். கம்பெனியில் இந்தச் சோதனை வருடாவருடம் நடப்பதுதான். பல தடவை தேறியவன் என்பதால் நான் மட்டும் சில வருடங்களாக உட்காருவதில்லை. அந்த ஸ்காட்லாந்துக்காரரை இங்கே யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

லேபில் வேலை பார்க்கும் பெண் சோதனைத் தட்டை எடுத்து வைத்தாள். அதில் கொஞ்சங்கொஞ்சமாய் நிறம் மாறுகிற சின்ன வில்லைகள் இருக்கும். கலைத்துப் போட்டதை வரிசையாக அடுக்க வேண்டும். முன்மாதிரியாக இருக்கட்டுமென்று நான் முதலில் உட்கார்ந்தேன். விறுவிறுவென்று அடுக்கிவிட்டு எழுந்தேன். அவள் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்து எண்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “சார், இன்னொரு தடவ வெச்சுப் பாக்கறீங்களா?” என்றாள்.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். நீலப் பக்கம் முழுக்கக் கலைந்திருந்தது. வில்லைகள் வெளுத்துப்போயிருக்கும் என்றேன். விளக்கு பழசு என்றேன். எண்களைத் தப்பாக ஒட்டியிருக்கலாம் என்றேன். எல்லாவற்றையும் முறைப்படி சந்தேகித்து முடித்தபின் பார்த்தால், நான் சந்தேகிக்காமல் விட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சுக்காரருக்கு அது அவர் இருப்பு. எனக்கு என் கண்.

மாஸ்டர் உட்கார்ந்து, அதிகம் பிசகாமல் அடுக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து வந்து, “ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றனுங்க,” என்றார். மறுநாள் அவர் வண்டியிலேயே கூட்டிப்போனார்.

இரண்டு கண்ணிலும் புரை, லென்ஸ் மஞ்சள் பாய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மெல்ல மெல்ல வருவதால் உள்ளவருக்கே தெரியாதாம். அப்போதும் எனக்கு வாய் அடங்கவில்லை. மெஷின் தப்பாகக் காட்டியிருக்க வாய்ப்பில்லையா என்று கேட்டேன்.

“மெஷின் தப்பாக்கூட இருக்கலாங்க. நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்,” என்றார்.

அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தேன்.

முதல் கண்ணுக்கு அறுவை முடிந்து கட்டுப் பிரித்தபோது ஆஸ்பத்திரிச் சுவர் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அந்தக் கண்ணை மூடி மற்றதைத் திறந்தால் அதே சுவர் நெய் நிறத்தில் நின்றது. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரிப்பாக வந்தது. எத்தனை துணிகளை இந்த நெய்க்குள்ளிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். மனைவி தோளைத் தொட்டு, போதும், நர்ஸ் பார்க்கிறார் என்றாள்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. சில மாதங்களுக்கு முன் நானே நிறம் தேர்ந்து, முன்பக்கம் முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தேன். வெளிர் சாம்பல். பார்த்தால் வீடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

“இது என்ன நிறம்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“அடிச்ச அன்னைக்கே சொன்னனுங்க. புலன்கள நம்பக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க.”

இரண்டாவது கண்ணும் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது முதலாளி ஒரு புது விதி போட்டிருந்தார். எந்த நிறத்துக்கும் இனி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் அந்த லேப் பெண், அவள் முடிவு தெரியாமல் நான். சில நாள் எங்கள் தீர்ப்பு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சண்டை போடுகிறோம். பெரும்பாலும் அவள் ஜெயிக்கிறாள்.

வேனில் இப்போது பேராசிரியர் ஒரு ஜெர்மானியரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனம் போட்டிருக்கிற கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க முடியும், அதைக் கழற்ற வழியில்லை என்கிற ஆள். அரைகுறையாகத்தான் புரிகிறது, டீ இடைவேளையில் யாருக்கும் விளக்கவில்லை. வீட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். தெருவே பூக்கலர் வீடு என்று அடையாளம் சொல்லப் பழகிவிட்டது, கொரியர்காரருக்கும் வசதி, இருக்கட்டும் என்றாள்.