மடியேந்திய மஸ்கட்காரன்

முதலில் மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு பேர் கூடினால் கதவோரம் போய் நிற்கிற ஆள். இப்படிப்பட்டவன் வாரா வாரம் உங்களிடம் பேச வருவதே அதிகப்பிரசங்கித்தனம். "மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வாருங்கள்" என்று ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். சரி... அதற்கும் ஒரு மன்னிப்பு!

போன வாரம் குவைத்திலிருந்து ஆரோக்கியம் பேசினான். என் மனைவியின் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"என்ன மாப்ள, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஒரு வாரமா லேசாக் காச்சல். மத்தபடி நல்லா இருக்கேன்."

வெளிநாட்டில் இருப்பவன் 'நல்லா இருக்கேன்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல ஒங்கக்காகிட்டச் சொல்லி ஒம்பேர்ல சாமிக்கு நேரச் சொல்லட்டா?"



"அய்யய்யோ... போறேன் மச்சான். இந்தா, சட்டையை மாட்டிட்டேன்!"

போனான். ஊசி போட்டார்கள். தேறிவிட்டான்.

அப்படி என்ன பயம்? சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து சலாலாவுக்கு லோடு. வழி நெடுக மணல்தான். ஒருமுறை பாதி வழியில் வயிற்றில் வலி. வலதுபக்கம், அடியில். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பக்கத்து டீக்கடையில் ஒரு மலையாளி முகத்தைப் பார்த்துவிட்டு, "சுகமில்லையா?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். ஒரு சோடா குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பாஷை தெரியாமல் இல்லை. கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் ரசம் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பரிமாறுபவர் தானாகப் பார்த்து ஊற்றினால் உண்டு. அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாதவரிடம், "அண்ணே, வலி தாங்கலை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க" என்று கேட்பானா?

அடுத்த பங்க் வருவதற்குள் கண் இருட்டியது. ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். பின்னால் வந்த ஒரு பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். குழந்தையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனாராம். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

குடல்வால் வெடித்துவிட்டது. நாலைந்து நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கண் விழித்ததும் மலையாள நர்ஸ் திட்டினார்.

"சேட்டனுக்கு வாயில்லையா? வேதனை வந்தப்ப ஒரு வாக்கு பறஞ்சுகூடே?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்கிறார். அதற்கும் சிரித்துவைத்தேன்!

உடம்பு ஓரளவு தேறியதும் கம்பெனி லீவு கொடுத்து அனுப்பியது. திருவனந்தபுரத்தில் இறங்கினேன். என் மனைவி பிலோமினாவும் ஆரோக்கியமும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மற்றவர்கள் டிவிப் பெட்டியும் கம்பளியுமாக வெளியே வருகிறார்கள். நான் ஒரு கைப்பையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். பிலோமினா அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

கொடைரோட்டில் வேனை நிறுத்தச் சொன்னாள். பன்னீர் திராட்சை வாங்கி, கழுவி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எனக்கு உதைத்தது. கல்யாணமான புதிதில்கூட இப்படி நடந்ததில்லையே?

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"செபஸ்தியாருக்கு நேந்துருக்கேன்."

"நேர வேண்டியதுதான். ஆடா?"

"ஆடு இல்ல... நீங்க."

திராட்சையைக் கொட்டையோடு விழுங்கினேன்.

"நீங்க பொழச்சு வந்தா, திருவிழாவுக்கு மொத நாளு நம்ம தெருவுல மடியேந்திப் பிச்சை எடுத்து, அந்த அரிசிய அசனத்துல சேக்குறதா நேந்துருக்கேன்."

அசனம் என்பது எங்கள் செபஸ்தியார் கோயில் திருவிழாவில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சாப்பாடு. முன்சீட்டில் ஆரோக்கியத்தின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறான்!

"பேசாம ரெண்டு மூட்டை அரிசி வாங்கிக் குடுத்துருவோமே?"

"சாமிகிட்டயே பேரம் பேசுறீகளா?"

"எம்பேர்ல நீ எப்பிடி நேரலாம்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலாம்னுதான் பாத்தேன். நீங்கதான் நெனப்பில்லாமக் கெடந்தீகளே!"

மஸ்கட்டிலிருந்து என் ரூம்மேட் போனில் சொன்ன சேதியை எஸ்.டி.டி. பூத்தில் கேட்டவள், ரிசீவரை வைத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அந்த நிமிஷம் அவள் கையில் வேறு என்ன இருந்தது? ஆள் பாதியாக இளைத்திருந்தாள். நான் இதைச் செய்யாவிட்டால் அவளுக்கு என் உடம்பைப் பற்றிய பயம் போகவே போகாது. திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். செய்கிறேன்.

முடிவு செய்வது சுலபம். திருவிழாவுக்கு முதல் நாள் காலை, செருப்பில்லாமல், புதுத் துண்டை மடியாக ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டினேன் பாருங்கள்... மறுபடி வீட்டுக்குள்ளேயே திரும்பப் பார்த்தேன். பின்னால் பிலோமினா ஜெபமாலையோடு வந்தாள். காவலா, துணையா, தெரியாது.

முதல் வீடு லூர்து மேரி அக்கா வீடு. முறத்தில் அரிசியோடு தயாராக நின்றார். சேதி முன்னாலேயே போயிருக்கிறது.

"அடியே, எல்லாரும் வந்து பாருங்கடி! பாரின்காரரு பிச்சைக்கு வந்துருக்காரு. நாங்க ஒங்க வீட்டுக்கு சென்ட் பாட்டில் கேட்டு வரணும்னு இருந்தோம், நீங்க முந்திக்கிட்டீகளே தம்பி!"

நான் துண்டை நீட்டினேன். அவர் போடவில்லை.

"வாயத் தொறந்து கேளுங்க. கேட்டாத்தான் நேர்ச்சை. சும்மா துண்டை நீட்டுனா அது வசூலு."

எதிர்வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. தையல் போட்ட இடம் இழுக்கிறது. திரும்பிப் பார்த்தேன். பிலோமினாவின் விரல் ஜெபமாலையில் ஒரே மணியில் நின்றுவிட்டது.

இன்றைக்குக் கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"அக்கா... பிச்சை போடுங்க."

"இம்புட்டுச் சத்தம் எறும்புக்குக்கூடக் கேக்காதே!"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அக்கா! பிச்சை போடுங்கக்கா!"

தெருவே திரும்பியது. ஒரு நாய் எழுந்து குரைத்தது. நான் கண்ணைத் திறந்தபோது லூர்து மேரி அக்கா சிரிக்கவில்லை. அரிசியை மடியில் சரித்துவிட்டு, என் நெற்றியில் சிலுவை போட்டார்.

"நல்லாருய்யா" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு வீடு விடவில்லை. போகப் போகக் குரல் தானாக வந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து குடிவந்த சேலை நெய்கிறவர் வீட்டில், வீட்டுக்கார அம்மா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, "எங்க வீட்டுக்கும் சேத்து வேண்டிக்கிடுங்கண்ணே" என்றார். ஆரோக்கியம் கூடவே வந்து, "இன்னும் சத்தமா மச்சான்!" என்று கடைசி வீடு வரை கேலி செய்தான். தனக்கும் ஒருநாள் இது வரலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கு ரொட்டிக்கு, தண்ணீருக்கு, கூலிக்கு அந்த ஊர்ச் சொல்லைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். 'எனக்கு முடியலை, வாங்க' என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறோமா? அதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தெருவில்.

மறுநாள் அந்த அரிசியைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினோம். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் எல்லாம் கலந்து கிடந்ததால் சோறு பாதி குழைந்து, பாதி விதைவிதையாக நின்றது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.