என் மகன் எனக்கு வாடகைக்காரன் இல்லை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னது பின்னதாகும், சிலது மறந்தும் போயிருக்கும், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஜெயித்த கதை இது.

எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த காலத்தில் இடம் வாங்கி, என் பெயரில் எழுதி வைத்தார். இப்போது அவருக்கு ஏதோ கொஞ்சம் பென்ஷன் வருகிறது. மகன் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறான். பல்லடத்தில் குடியிருந்தவனை, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொன்னேன். மாடியில் இருக்கும் இரண்டு அறைகளில் படுக்கை, கீழே என் அடுப்பில் எல்லோருக்கும் சாப்பாடு.

வந்த மாதமே மகன் சம்பளத்தில் ஒரு பங்கை அப்பாவிடம் நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பையன் காசுல உக்காந்து திங்கற அளவுக்கு நான் இன்னும் போகல."

அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதம் மகன் சிரித்துக்கொண்டே, "சரிங்கப்பா, மாடிக்கு வாடகைன்னு வெச்சுக்கங்க" என்றான். அவர் உடனே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டு.

"ஏனுங்க மாடியூட்டுக்காரரே, வாடகை எங்கீங்க?" என்பார் அவர்.

"பாத்ரூம் கொழாய் ஒழுகுதுங்க ஓனரே, மொதல்ல அதைப் பாருங்க" என்பான் இவன்.

வீட்டு வரி போட மாநகராட்சியிலிருந்து வீட்டை அளக்க ஒருவர் வந்தார். "மாடியில யாருங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாடகைக்கு விட்டிருக்கறனுங்க. மாசமானா கரெக்டா வந்துருமுங்க" என்றார். வெளி ஆளிடம் மகன் கொடுக்கிறான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கும் வரவில்லை.

வாடகைக்கு விட்ட வீடு என்று பதிந்து, வரி ஏறிவிட்டது.

மகனுக்கு முகம் செத்துப்போயிற்று. "என்னாலதானம்மா ஏறுச்சு. நாங்க பொங்கலூர்ப் பக்கம் ஊடு பாத்துக்கறோம்" என்றான். மருமகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

"ஏனுங்க, ஆபீஸ்ல போயி உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்க" என்றேன்.

"பையன் போட்டுத் திங்கறேன்னு அங்க போயிக் கத்தோணுமா? நீ வேணா போ. ஊடு உன்ற பேர்லதான இருக்குது."

நான் போகமாட்டேன் என்கிற தைரியம் அவருக்கு. ரேஷன் கடையில் யாராவது முன்னால் புகுந்தால் கூட வாய் திறக்காதவள் நான்.

மறுநாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். "நீங்க பேசுவீங்களா அத்தை?" என்றாள் மருமகள். "பேசறனோ இல்லியோ, போயி நிக்கறேன் கண்ணு" என்றேன்.

மாநகராட்சி ஆபீசில் ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி இருந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வாடகைன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரேம்மா?"

"அது எங்க ஊட்டு வெளையாட்டுப் பேச்சுங்க கண்ணு. மாடியில இருக்கறது நான் பெத்த பையன். அவன் குடுக்கறது அரிசி பருப்புக்குங்க. வாங்கறதுக்கு அப்பனுக்குக் கூச்சம். அதனால பையன் அதுக்கு வாடகைன்னு பேரு வெச்சுட்டான்."

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். "எங்கப்பாவும் இதே ரகந்தான் மேடம்" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தார். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் அத்தனை பேர் முன்னால் பேசியது நான்தான் என்று எனக்கே உறைத்தது. ஒரு இளநீர் வாங்கிக் குடித்தேன். தனியாக நின்று கடையில் குடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த அதிகாரி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாடியைப் பார்த்தார். அடுப்பில்லை, சாக்கில் கட்டிய பாத்திரம்தான் இருந்தது. கீழே இறங்கி வந்து வீட்டுக்காரரிடம், "ஐயா, நீங்க சொல்லுங்க. வாடகை வாங்கறீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அவர் சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "இல்லீங்க. என்ற பையனுங்க. அவன் சம்பாரிச்சுப் போடறான், நாங்க சாப்படறோமுங்க" என்றார்.

மகன் ரசத்தை எடுத்து அப்பாவின் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தான். அவர் போதும் என்று சொல்லவே இல்லை, ரசம் தட்டை விட்டு வழிந்தது.

சொந்தக் குடியிருப்பு என்று மாற்றிவிட்டார்கள், வரி இறங்கியது. சாக்கை அவிழ்க்க மருமகளை விடவில்லை. நானே அவிழ்த்தேன்.

இப்போது எங்கள் வீதியில் மகன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண்கள் வரி விஷயமாக என்னைத் தேடி வருகிறார்கள். "அக்கா, எங்களோட ஆபீசுக்கு வாங்க, நீங்க பேசினா நடக்கும்" என்கிறார்கள். நானும் போகிறேன். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரி விஷயத்தில் நான் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்துமா, சட்டம் மாறியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்த யாராவது படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திச் சொல்ல வேண்டும்.